அத்தை வெட்டாத பூசணிக்காய்

என் அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, காய் நறுக்குவதை நின்று பார்க்கலாம். கத்தரிக்காயோ வாழைக்காயோ, ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சொந்தத்தில் கல்யாணம் என்றால், சமையலுக்கு ஆள் வைத்திருந்தாலும் அத்தையைக் கொஞ்ச நேரமாவது அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார வைத்து விடுவார்கள். அத்தையும் சளைக்க மாட்டாள். ஊர்க்கதை பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, ஒரு மூட்டைக் காயை முடித்து விட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அவள் சமையலில் பேர்போனது பூசணிக்காயும் விளாம்பழமும் சேர்த்து வைக்கிற குழம்பு. எங்கள் திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மாதம்தான் அதற்குத் தோது. ஆடியில் கிணற்று மேட்டில் ஊன்றிய பூசணிக்கொடி காய்த்து மஞ்சளாகியிருக்கும். கண்மாய்க்கரை விளாமரத்தில் பழம் உதிரும். புளிக்குப் பதில் விளாம்பழம், காரத்துக்கு வரமிளகாய், இரண்டையும் அதட்டி அடக்குவதற்குக் கொஞ்சம் கருப்பட்டி, இறக்கும்போது ஓமவல்லி இலை. ஓமவல்லியைச் சளிக்குக் கஷாயம் போடுகிறவர்களைத்தான் ஊரில் பார்த்திருக்கிறேன். குழம்பில் கிள்ளிப் போடுகிறவள் அத்தை ஒருத்திதான். 'இதென்ன வைத்தியமா, சாப்பாடா' என்று அப்பா கேலி செய்வார். கேலி செய்துகொண்டே மூன்றாம் முறை சோறு வாங்குவார்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு நாள், அத்தை ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். காரியாபட்டியில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. அவளுடைய நாத்தனார் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷத்தில், தொட்டில் பக்கம் போனவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது மாமியார். தள்ளி நின்ற அத்தை அப்படியே பின்வாசல் வழியாக வெளியே வந்து பஸ் ஏறிவிட்டாள். மாமா, அவள் புருஷன், அங்கேதான் இருந்தாராம். மாமா நல்ல மனுஷர். யாரையும் ஒரு சொல் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்ல மாட்டார் என்பதுதான் அவரிடம் இருந்த கோளாறு.

இரண்டு மாதம் யாரும் வந்து கூப்பிடவில்லை. மூன்றாம் மாதம் ஆள் விட்டுச் சொன்னார்கள்: ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம், சீர்ப் பாத்திரங்களையும் நகையையும் கொண்டு வந்து ஒப்படைத்து விடுகிறோம். மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்திருப்பதாக எங்கள் ஊருக்கே தெரிந்திருந்தது.

அப்பா இடிந்து போய்விட்டார். அத்தை இடிந்து போகவில்லை. அவளுக்கு வேறு யோசனை இருந்தது. கூடப் படித்த தோழி ஒருத்தி மதுரையில் பெண்பிள்ளைகளுக்கு ஆஸ்டல் நடத்தினாள். சமையலைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், தங்குவதற்கு அறையும் தருகிறேன் என்று எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிந்ததும் புதன்கிழமை அங்கே போவதென்று அத்தை முடிவு செய்துவிட்டாள். அப்பாவுக்கு அதில் மனசே இல்லை. என் தங்கச்சி ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறாக்கப் போகணுமா என்று சாப்பிடும்போதெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மதுரை என்பது ஏதோ தண்டனை மாதிரி மனசில் பதிந்து விட்டது. பாவம் அத்தை, போக்கிடம் இல்லாமல் போகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி இரண்டு பேரும் கொஞ்சம் அழக்கூடச் செய்தோம். அந்த நாட்களில் அத்தை பாத்திரம் விளக்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை எதோடும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கிணற்றடியிலிருந்து ஒரு பூசணிக்காயைத் தோளில் வைத்துக் கொண்டு வந்தார். அந்த வருஷத்துக் கொடியில் அதுதான் பெரிசு. அடுப்படி வாசலில் பொத்தென்று இறக்கினார்.

"வாரவுக எதுக்கு வேணா வரட்டும். சாப்பிடாமப் போனாகன்னு பேரு வரக்கூடாது. உன் கொழம்ப வச்சிரு தாயி."

அத்தை பூசணிக்காயைப் பார்த்தாள். பிறகு, "கத்தரிக்கா கெடக்குல்லண்ணே. சாம்பார் வச்சிருவோம்" என்றாள்.

"சாம்பாரை எவன் வீட்டுல வைக்கல? உன் கை ருசி தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும். எதை விட்டுட்டுப் போறோம்னு தெரியட்டும்."

அப்பாவுக்கு அதில் ஒரு வீம்பு இருந்தது. தங்கையை வேண்டாம் என்று சொல்ல வருகிறவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு அதைச் சொல்லட்டும் என்று நினைத்திருப்பார். அத்தை பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைத்துணி சுற்றியிருந்தது.

"வெரல்ல வெட்டிக்கிட்டேண்ணே. நீங்களே இதை வெட்டிக் குடுத்துருங்களேன்."

சாதாரணமாக இந்த வேலை அம்மாவுக்குப் போயிருக்கும். ஆனால் அம்மா அன்றைக்கு வீட்டுக்குத் தூரம். மாதத்தில் அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் பெண்கள் கொல்லைப்புறத்துச் சார்ப்பில் பாயும் தட்டும் தனியாக வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். உள்ளே எதையும் தொடக்கூடாது. அம்மா அங்கே உட்கார்ந்தபடியே வீட்டை நடத்துவாள். அவள் குரலுக்கு மட்டும் தூரம் கிடையாது. 'பால் பொங்குது', 'எண்ணெ காஞ்சிருச்சு' என்று வாசனையை வைத்தே அங்கிருந்து அதிகாரம் வரும்.

ஆக, அப்பா வெட்டினார். அதை வெட்டியது என்று சொல்லலாமா தெரியவில்லை. கருவேலமரம் வெட்டுகிற அரிவாளை எடுத்து வந்து, பூசணிக்காயைக் காலால் அணைத்துக்கொண்டு, ஒரு போடு போட்டார். பாதி உள்ளே உருண்டது. பாதி என்னை நோக்கி வந்தது. விதை சுவரில் தெறித்தது. அதன் பிறகு அரிவாள்மனையில் உட்கார்ந்து அவர் போட்ட துண்டுகளில் சில தேங்காய்ச்சில் அளவுக்கு இருந்தன, சில புளியங்கொட்டை அளவுக்கு இருந்தன. 'வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்' என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு விளாம்பழம் பார்க்கும் வேலை. முந்தின நாள் பொறுக்கி வந்த பழங்களை ஒவ்வொன்றாக முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட வேண்டும். எகிறினால் காய். விழுந்த இடத்திலேயே கிடந்தால் பழம். நாலு பழம் கிடைத்தது. அத்தை அவற்றை அம்மிக்கல்லில் தட்டி உடைத்து, சதையைத் தண்ணீரில் கரைத்து, நாரும் விதையும் போக வடிகட்டினாள். அப்போது விரல் துணியைக் கழற்றி அடுக்களை மாடத்தில் வைத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். விரலில் ஒரு கீறல் கூட இல்லை. சின்ன வெங்காயத்தை அவளே உரித்தாள், அவளே நறுக்கினாள். கருப்பட்டியை அவளே தட்டினாள். எல்லாம் முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, துணியை மறுபடியும் எடுத்துச் சுற்றிக்கொண்டாள்.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். "போய் ஓமவல்லி ஒரு பிடி பறிச்சுட்டு வா" என்றாள். நான் போனேன். வேலை செய்யச் சோம்பல்பட்டு அத்தை அப்பாவை ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் சோம்பல்பட்டால் மட்டும் முதுகில் விழுகிறதே என்றும் நினைத்தேன்.

நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் வரமிளகாயும் பொரிந்து, வெங்காயம் வதங்கி, பூசணித் துண்டுகள் விழுந்து, மஞ்சள் உப்போடு பாதி வெந்ததும் விளாங்கரைசல் ஊற்றிக் கொதித்தபோது தெருமுனை வரை மணந்தது. புளிப்பும் இனிப்புமாக ஒரு மணம். கருப்பட்டி கரைந்து பச்சை வாடை போனதும் அடுப்பை அணைத்துவிட்டு, ஓமவல்லியைக் கையாலேயே கிழித்துப் போட்டு, கறிவேப்பிலையும் போட்டு, தட்டால் மூடினாள். மூடியதும் திறக்கக்கூடாது. அந்த ஆவியிலேயே இலை வதங்க வேண்டும்.

பதினோரு மணிக்கு வாடகைக் கார் வந்தது. மாமியார், மாமா, அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மூன்று பேர். டிக்கியிலிருந்து சீர்ப் பாத்திரங்களை டிரைவர் ஒவ்வொன்றாக இறக்கி வராண்டாவில் வைத்தார். அண்டா, குடம், குத்துவிளக்கு. துலக்கிப் பளபளவென்று கொண்டு வந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

பேச்சு அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. சண்டை இல்லை. பெரியவர் நயமாகப் பேசினார். ரெண்டு பக்கமும் குத்தம் சொல்ல வேண்டாம், பிள்ளைகளுக்கு ஒத்து வரலை, அவுக அவுக வழியப் பாத்துக்கிடட்டும் என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலைப்படியில் நின்ற அத்தையிடம், "என்ன தாயி, ஒனக்குச் சம்மதந்தான?" என்று பெரியவர் கேட்டார். "சம்மதந்தான்" என்றாள் அத்தை. அவ்வளவு தெளிவாகச் சொன்னதில் மாமியாருக்கே கொஞ்சம் மனத்தாங்கல் ஏற்பட்டிருக்க வேண்டும். அழுவாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

"அப்ப சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றார் அப்பா. மாமியார் வேண்டாம் என்றார். பெரியவர் குழம்பு வாசனையை மூக்கில் இழுத்து, சோத்து மேல என்ன கோவம் என்றார். இலை போட்டாயிற்று.

அத்தைதான் பரிமாறினாள். அவள் முகத்தில் ஒரு சுமை இறங்கின களை இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம், அவர்கள் எழுந்து கையைக் கழுவிக் காரில் ஏறிவிட்டால், எல்லாம் முடிந்தது. இதெல்லாம் இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது நான் இலைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். சாப்பாட்டில் மட்டும் அவருக்குத் தயக்கம் இல்லை. மாமியார் குழம்பைப் பிசைந்தார். தேங்காய்ச்சில் அளவில் ஒரு துண்டு கையில் அகப்பட்டது. அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். அடுத்தும் ஒன்று. அதையும் வைத்தார்.

"என்னத்தா இது? கோடாலி போட்டுப் பொளந்தாப்புல இருக்கு. உன் கை வெட்டு இல்லையே."

சாதாரணமாகக் கேட்டதுதான். ஆறு வருஷம் அந்தக் கை வெட்டிய காயைச் சாப்பிட்டவர். அத்தை விரலைக் காட்டினாள். "வெரல்ல காயம்" என்றாள்.

அந்த நேரத்தில் கொல்லைப்புறத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சின்னப்புள்ள வெட்டுனதுங்க! வேணாம் வேணாம்னு சொல்லியும் கேக்காம, நாந்தான் வெட்டுவேன்னு அழுதுச்சு. கோவிச்சுக்கிடாதீக!"

மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாத்தான் வெட்டியிருக்க. போற எடத்துல உன் மாமியா மெச்சிக்கிருவா போ."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெட்டிய மனுஷர், என் எதிரே உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். காது மடல் எல்லாம் சூடாகிவிட்டது எனக்கு.

"நான் ஒண்ணும் வெட்டல" என்றேன். "அப்பாதான் வெட்டுனாரு. அத்தை வெட்ட மாட்டேன்னுருச்சு."

"அதான் வெரல்ல காயம்ல" என்றார் அப்பா.

"காயமே இல்ல. சும்மா துணியச் சுத்தியிருக்கு. நான் பாத்தேன். வெங்காயம்லாம் அத்தைதான் வெட்டுச்சு. பூசணிக்காய மட்டுந்தான் தொட மாட்டேன்னுருச்சு."

கொல்லையிலிருந்து அம்மா என் பேரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டாள். அப்படி ஒரு சத்தத்தை நான் அவளிடம் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆனால் அதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

மாமியாரின் கை இலையில் அப்படியே நின்றது. பெரியவர் மாமாவைப் பார்த்தார். மாமா அன்றைக்கு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்த்தார். அத்தை குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாத விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில் வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண் முழுப் பூசணிக்காயில் கத்தி வைக்கமாட்டாள். வைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். கல்யாணமான மறுவருஷம் அத்தை இரண்டு மாதக் கர்ப்பமாக இருந்தபோது இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். காய்க்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டே மாமியார் கண்ணெதிரே ஒரு பூசணிக்காயை வெட்டியும் இருக்கிறாள். அடுத்த வாரம் கரு கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னொன்று, எந்தக் காயையும் தொடாமலேதான் கலைந்தது. அதை யாரும் பேசுவதில்லை. பூசணிக்காயை மட்டும் அந்த வீட்டில் நாலு வருஷமாகப் பேசினார்கள். அதே அத்தை இப்போது பூசணிக்காயைத் தொடமாட்டேன் என்று சொல்லி, காயமில்லாத விரலில் துணியும் சுற்றிக்கொண்டால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

மாமியார் எச்சில் கையோடு எழுந்தார். அத்தையின் அருகே போய், குரலைத் தாழ்த்தி, "எத்தன மாசம்?" என்று கேட்டார்.

அத்தை கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"எத்தன மாசம்னு கேக்கேன்ல?"

"மூணு" என்றாள் அத்தை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒரே கொண்டாட்டம். மாமியார் அழுதார். அழுதுகொண்டே அத்தையைக் கட்டிப்பிடித்தார். தள்ளி நிற்கச் சொன்ன அதே கை முதுகைத் தடவிக்கொடுத்தது. என் புத்தி கெட்டுப் போச்சு தாயி என்று தலையில் அடித்துக்கொண்டார். பெரியவர், 'அப்ப நாம பேசுனது எதுவும் பேசுனதாக் கணக்கில்ல' என்று தீர்ப்புச் சொன்னார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதுவரை சொல்லாத ஊர்ச்சாமி பேரெல்லாம் சொன்னார். மாமாகூட ஒரு வார்த்தை பேசினார். "போலாமா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்க வேண்டாம். மாமியார் என் வாயில் வெல்லத்தை வைத்தார். சாமியே இந்தப் பிள்ளை வாயில வந்து சொல்லியிருக்கு என்றார். திட்டு விழுமோ என்று பயந்து நின்ற எனக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரங்களை டிரைவர் மறுபடியும் டிக்கியில் ஏற்றினார். நானும் சும்மா இருக்கவில்லை. உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் இருந்த அத்தையின் தகரப்பெட்டியைத் தரதரவென்று வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கையில் பையோடு வந்தவளுக்கு அம்மா கொடுத்த பெட்டி. புதன்கிழமைக்காகச் சேலையெல்லாம் மடித்து அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"அத்தை எல்லாம் எடுத்து வச்சு ரெடியா இருக்கு!" என்று கத்தினேன்.

மாமியாருக்கு ஒரே சிரிப்பு. "பாத்தீகளா, வாயிலதான் வீம்பு. மனசெல்லாம் நம்ம வீட்டுலதான் இருந்திருக்கு" என்றார். அத்தை பெட்டியைப் பார்த்தாள். மதுரைக்குக் கட்டியது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொல்லைக்குப் போய் அம்மாவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள். வரும்போது முகம் கழுவியிருந்தாள். என்னருகில் வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "குழம்பு இருக்கு, சாப்பிடு. நான் வாரேன்" என்று கார் ஏறினாள். மாமியாரும் மாமாவும் இரண்டு பக்கமும் உட்கார, நடுவில் உட்கார்ந்து போனாள். இனி அத்தை மதுரைக்குப் போய் யாருக்கும் சோறாக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் நான் கார் பின்னாலேயே ஓடினேன்.

சித்திரையில் பையன் பிறந்தான். அவன் பேர்சூட்டு விழாவில் தொடங்கி எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் என்னை நடுவில் உட்கார வைத்து அந்தக் கதையைக் கேட்பார்கள். எனக்கும் சொல்லிச் சொல்லி நல்ல பழக்கமாகிவிட்டது. அப்பா வெட்டியதை நடித்துக் காட்டுவேன். மாமியார் துண்டை எடுத்து இலை ஓரம் வைப்பதை நடித்துக் காட்டுவேன். இருபது வருஷமாக ஒரு தடவைகூட சிரிப்பு வராமல் போனதில்லை.

போன ஐப்பசியில் அத்தை வீட்டில் மாடி எடுத்துக் கட்டிப் பால் காய்ச்சினார்கள். அங்கேயும் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், "நீ அந்தக் கதையைச் சொல்லும்போது உங்க அத்தை மூஞ்சிய என்னைக்காச்சும் பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். பார்த்ததில்லை. கதை சொல்கிறவர்கள் சிரிக்கிறவர்களைத்தான் பார்ப்பார்கள்.

அம்மா அன்றைக்குத்தான் சொன்னாள். பிள்ளை உண்டாகியிருப்பது அத்தைக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்ததாம். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டுக்குத் தெரிந்தால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பேசி முடிக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மதுரைக்குப் போய், வேலையில் உட்கார்ந்து, பிள்ளையைப் பெற்று, தானே வளர்ப்பதென்று இருந்திருக்கிறாள். தோழிக்கும் எழுதியாயிற்று. அவளும் வா, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியாயிற்று.

"அப்புறம் எதுக்கும்மா பூசணிக்காய்க்குப் பயந்துச்சு? அத்தைதான் அதெல்லாம் நம்பாதே."

"நம்பல. ஆனா அந்தப் பிள்ள வேணும்னு நெனச்சா. வேணும்னு நெனச்சுட்டா எதுக்கும் பயம் வந்துரும். பிள்ளையும் வேணும், அந்த வீடு வேணாம்னு நெனச்சா. அது நடந்திருக்கும் தெரியுமா? எல்லாம் முடிஞ்சு சாப்பிட உக்காந்துட்டாக. நான் எந்திரிச்சு உள்ள வந்து உன் வாயப் பொத்தியிருக்கலாம். பத்தடி தூரந்தான். தூரத்துணியோட உள்ள வரக் கூடாதுன்னு அங்கேயே உக்காந்திருந்தேன்." சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "புதங்கெழமை மதுரைக்குப் போயி, அந்தத் தோழிப் பிள்ளைகிட்ட இவ வரமாட்டான்னு சொல்லிட்டு வந்ததும் நாந்தான்."

எனக்கு அந்தப் பஸ்ஸிலிருந்து குதித்து எங்கேயாவது போய்விடலாம் போல இருந்தது. இருபது வருஷமாக அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, அவள் எதிரிலேயே அதை நடித்துக் காட்டியிருக்கிறேன். அவள் எனக்குக் காப்பி வேறு கொடுத்திருக்கிறாள்.

இரண்டு நாள் பொறுத்து அத்தைக்கு போன் பண்ணினேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழை பெய்ததா, பையன் காலேஜுக்குப் போனானா என்றெல்லாம் கேட்டேன். பிறகு, "அம்மா எல்லாத்தையும் சொல்லிருச்சு அத்தை" என்றேன்.

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அடிப் போடி கிறுக்கி" என்றாள் அத்தை. "நீ சின்னப்புள்ள. ஒனக்கு என்ன தெரியும்? எனக்கென்ன இப்ப கொறச்சல்? எம்புள்ள நல்லாப் படிக்கான். உங்க மாமா இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல."

"மன்னிச்சிரு அத்தை."

அத்தை தன்பாட்டுக்குப் பேசுகிறவள் போல, "நாப்பத்திரெண்டு பிள்ளைக" என்றாள்.

"என்ன அத்தை?"

"அந்த ஆஸ்டல்ல. நாப்பத்திரெண்டு பிள்ளைகன்னு எழுதியிருந்தா. ஒவ்வொரு நாளைக்கும் என்ன ஆக்கிப் போடணும்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். திங்கக்கெழம எலுமிச்சஞ்சோறும் உருளக்கெழங்கும். செவ்வாக்கெழம கீரையும் பருப்பும், வத்தல் பொரிச்சு வைக்கணும். புதங்கெழம கொழுக்கட்டை, சாயங்காலத்துக்கு. வியாழக்கெழம நம்ம பூசணிக் கொழம்பு. வெள்ளிக்கெழம பாயசம் கொஞ்சமாச்சும். சனிக்கெழம தோசை, பிள்ளைக அன்னைக்குத்தான் நெதானமாச் சாப்பிடும்."

ஒரு இடத்தில்கூட யோசிக்காமல் சொன்னாள். சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காக, "ஞாயித்துக்கெழம?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு எனக்கு லீவுன்னு சொல்லியிருந்தா" என்றாள் அத்தை. "தனியா சினிமாவுக்குப் போகணும்னு இருந்தேன்."